குப்ரிக் பெட்டியும் அண்ணனோடு ஒரு பழைய சண்டையும்

அண்ணனிடம் இருக்கும் 'ஸ்டான்லி குப்ரிக்: தி மாஸ்டர்பீஸ் கலெக்‌ஷன்' ப்ளூரே பெட்டியை நான் ரொம்ப நாள் தொடவே இல்லை. தொட்டால் பார்க்க வேண்டும், பார்த்தால் கருத்துச் சொல்ல வேண்டும், சொன்னால் சண்டை. அமெரிக்க இயக்குநர் குப்ரிக்கைத் தேவைக்கு மேல் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பது என் கட்சி. "நீ பார்த்ததே ரெண்டு படம், அதுல ஒண்ணுல பாதி நேரம் தூங்கிட்டே" என்பது அவன் கட்சி. சரி, அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதனால் பெட்டியை வாங்கி வந்து, வெளியான வரிசையிலேயே, மூன்று வாரத்தில் எட்டுப் படங்களையும் பார்த்து முடித்தேன். தூங்காமல்.

2014இல் வந்த தொகுப்பு இது. 'லோலிட்டா', 'டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்', '2001: எ ஸ்பேஸ் ஒடிசி', 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்', 'பேரி லிண்டன்', 'தி ஷைனிங்', 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்', 'ஐஸ் வைட் ஷட்' ஆகிய எட்டும், கூடவே சில ஆவணப்படங்களும் ஒரு படப் புத்தகமும் இருக்கின்றன. குப்ரிக் எடுத்த முழுநீளப் படங்கள் மொத்தம் 13. 1962க்கு முன்னால் எடுத்த ஐந்தும் இதில் கிடையாது. 'மாஸ்டர்பீஸ்' என்று மேலே எழுதிவிட்டு 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யை வெளியே விட்டிருக்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

'லோலிட்டா'வை இன்று உட்கார்ந்து பார்ப்பது சிரமம். தணிக்கைக்குப் பயந்து எல்லாவற்றையும் ஜாடைமாடையாகச் சொல்லிக்கொண்டே இரண்டரை மணி நேரம் இழுக்கிறது, பீட்டர் செல்லர்ஸ் வரும் இடங்களில் மட்டும் உயிர் வருகிறது. அதே செல்லர்ஸ் மூன்று வேடத்தில் வரும் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்' (1964) வேறு ரகம். அமெரிக்க அதிபர் சோவியத் தலைவருக்கு போன் போடும் காட்சியை நான் இரண்டு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உன் நாட்டின் மேல் குண்டு போட எங்கள் விமானங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று சொல்ல வேண்டிய மனிதர், நீயும் நலம், நானும் நலம், நாம் இருவரும் நலமாக இருப்பது எவ்வளவு நல்லது என்ற பாணியில் ஆரம்பித்து, கோபித்துக்கொண்ட சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்வதுபோல் விஷயத்துக்கு வருகிறார். எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்பதே இல்லை, ஆனால் அந்த ஆள் எந்த நிலையில் போனைப் பிடித்திருக்கிறார் என்பது வரைக்கும் தெரிந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும் படம், ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. என் கட்சிக்கு முதல் அடி இங்கேயே விழுந்தது.

நான் முன்பு தூங்கிய படம் '2001'. முதல் வசனம் வருவதற்கே கிட்டத்தட்ட 25 நிமிடம் ஆகிறது, அதனால் தூங்கியதற்காக நான் பெரிதாக வெட்கப்படவில்லை. விண்கலம் வால்ட்ஸ் இசைக்குச் சுழன்று நிலையத்தில் இணையும் இடத்தில் எழுந்து போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தாலும் அது இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். படம் வந்த காலத்திலேயே பாலின் கேல் போன்ற விமர்சகர்கள் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் விண்கலத்தை இயக்கும் ஹால் என்ற பேசும் கணினியை விண்வெளி வீரர் அணைக்கும் காட்சி இருக்கிறதே. அந்த ஆள் தலைக்கவசத்துக்குள் மூச்சு வாங்கும் சத்தம், ஒவ்வொரு கட்டையாகத் திருகி வெளியே எடுக்கிறான், அது பயமாக இருக்கிறது என்று அதே நிதானமான குரலில் சொல்கிறது, அப்புறம் பாட்டுப் பாடத் தொடங்கி, குரல் தொய்ந்து தொய்ந்து அடங்கிப் போகிறது. படத்தில் மனிதர்கள் சாகும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இயந்திரம் சாகும்போது தொண்டை அடைத்தது. இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார் மனிதர். நிலவில் மனிதன் கால் வைப்பதற்கு முந்தைய வருடம் வந்த படம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். குப்ரிக்குக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கரும் இதற்குத்தான், அதுவும் இயக்கத்துக்கு இல்லை, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு.

'கிளாக்வொர்க் ஆரஞ்ச்' பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. இந்த எட்டில் அளவுக்கு மீறிப் புகழப்பட்ட படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன். வன்முறையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே கேமரா அதை ரசிக்கிறது. அடிபடுகிறவர்கள் எல்லோரும் கேலிச்சித்திரங்கள், அடிக்கிறவன் மட்டும்தான் இந்தப் படத்தில் மனிதன், அவனுக்குத்தான் நல்ல வசனம், நல்ல இசை, நம் பரிதாபம் எல்லாம். இதன் மேல் இருக்கும் பிரமிப்பில் ஒரு பங்கு அது கண்ணில் படாமல் இருந்ததால் வந்தது. பிரிட்டனில் குப்ரிக்கே கேட்டுக்கொண்டு படத்தைத் திரும்பப் பெற வைத்தார். அவர் இறந்த பிறகு, 2000இல்தான் அங்கே மறுபடி திரைக்கு வந்தது. கால் நூற்றாண்டு பூட்டி வைத்தால் எந்தப் படமும் காவியமாகிவிடும். அண்ணன் இதை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான்.

அப்புறம் 'பேரி லிண்டன்' (1975). மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை என்பதால் கடைசி வரை தள்ளிப்போடலாமா என்று பார்த்தேன், வரிசைதான் காப்பாற்றியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்த படம், நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸ் என்ற கதையைச் சினிமாப் பக்கம் ஒதுங்கிய எல்லோரும் கேட்டிருப்பார்கள், நானும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். அந்த லென்ஸ் என்ன செய்தது என்பது பார்க்கும்போதுதான் புரிந்தது. அவ்வளவு அகலமாகத் திறந்த லென்ஸில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் மிகக் குறைவு, நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே மங்கிவிடுவார். அதனால் சீட்டாட்ட மேசையைச் சுற்றி எல்லோரும் பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி அசையாமல் இருப்பதுதான் அந்த வர்க்கத்தின் குணமும். பேரியும் சீமாட்டியும் மேசைக்குக் குறுக்கே ஒருவரையொருவர் பார்ப்பதும், அவள் எழுந்து மாடத்துக்குப் போவதும், அவன் பின்னால் போய்க் கையைப் பிடிப்பதும் ஒரு வார்த்தை இல்லாமல், ஷூபர்ட்டின் இசையில் நடந்து முடிகிறது. ஒரு தொழில்நுட்பக் கட்டாயம் படத்தின் நடை ஆகிவிட்டது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

குப்ரிக் ஈரமில்லாதவர், மனிதர்களைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துப் பார்க்கிறவர் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு, நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தில் கதைசொல்லி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், பேரி பிள்ளையில்லாமல், தனியாக, ஏழையாகத்தான் முடிவான் என்று பிள்ளை துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுகிறார். அதன் பிறகு அந்தப் பையன் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியும் வயிற்றைப் பிசைகிறது. ஈரமில்லாத ஆளுக்கு இது வராது. வைக்கோல் கொட்டகையில் நடக்கும் கடைசித் துப்பாக்கிச் சண்டையில், புறாக்கள் சடசடத்துக்கொண்டே இருக்க, சவால் விட்ட இளைஞன் பயத்தில் ஓரமாகப் போய் வாந்தி எடுக்கிறான். மானம், மரியாதை, குலப்பெருமை என்று மூன்று மணி நேரமாகப் பேசியதெல்லாம் அந்த வாந்தியில் வந்து நிற்கிறது.

ஆனால் இதே படத்தில்தான் பெட்டியின் பெரிய குறையும். படத்தை 1.66 விகிதத்தில் (உயரத்தைப் போல அகலம் 1.66 மடங்கு) ஓட்டுங்கள் என்று குப்ரிக் 1975இல் தியேட்டர் ஆபரேட்டர்களுக்குக் கடிதமே எழுதியிருந்தார். இந்த டிஸ்க்கில் இருப்பது 1.78, அதாவது மேலும் கீழும் கொஞ்சம் நறுக்கிவிட்டார்கள். பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றலாம், ஆனால் ஓவியம் மாதிரி சட்டகம் போட்ட ஆளின் படத்தில் வானத்தை வெட்டுவது என்ன நியாயம்? 2017இல் வேறொரு நிறுவனம் சரியான விகிதத்தில் தனியாக வெளியிட்டது. இந்தப் படத்துக்காக மட்டும் பெட்டி வாங்க நினைப்பவர்கள் அதைத் தேடிப் பிடிப்பது நல்லது.

'ஷைனிங்'கில் (1980) பயமுறுத்தியது ரத்த வெள்ளமோ கோடாலியோ இல்லை, சத்தம். சின்னப் பையன் மூன்று சக்கர வண்டியில் காலியான ஹோட்டல் தாழ்வாரங்களில் சுற்றுகிறான், ஆட்டமில்லாமல் நகரும் ஸ்டெடிகேம் கேமரா தரையோடு தரையாகப் பின்னால் போகிறது. மரத்தரையில் கடகடவென்று சத்தம், கம்பளம் வந்ததும் சட்டென்று அமைதி, மறுபடி கடகட, மறுபடி அமைதி. ஒன்றுமே நடக்கவில்லை, எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இந்தப் படத்துக்குக் குப்ரிக்கை மோசமான இயக்குநர் என்று, மட்டமான சினிமாவுக்குக் கேலியாகக் கொடுக்கும் ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள் என்பது இன்று நம்ப முடியாத செய்தி. கதாநாயகி ஷெல்லி டுவாலையும் மோசமான நடிகை என்று பரிந்துரைத்தார்கள், அதை மட்டும் 2022இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே டிஸ்க்கில் குப்ரிக்கின் மகள் விவியன் எடுத்த அரை மணி நேரச் சொச்ச ஆவணப்படம் ஒன்று இருக்கிறது. அதில் டுவாலைக் குப்ரிக் நடத்தும் விதத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் அந்த அழுகையை வெறும் நடிப்பு என்று எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. என் கட்சியில் மிச்சமிருப்பது இங்கேதான். ஒரே ஷாட்டை எத்தனை தடவை எடுத்தார் என்ற கதைகளைச் சொல்லாமல் குப்ரிக் ரசிகர்களால் ஐந்து நிமிடம் பேச முடியாது, ஆளாளுக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். எத்தனை டேக் என்பது திறமைக்கு அளவுகோலா? படங்களை விட்டுவிட்டு இந்தப் பிடிவாதக் கதைகளைக் கும்பிடுகிறோம், அதைப் பார்த்து அடுத்தவரை வதைப்பதுதான் மேதைமை என்று நாலு பேர் நம்பிவிடுகிறார்கள். மிகைப்படுத்தப்பட்டது என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'டின் பயிற்சி முகாம் பகுதி மூச்சுவிட விடாது. திட்டித் தீர்க்கும் பயிற்சியாளராக வரும் லீ எர்மி நிஜத்திலும் அந்த வேலை பார்த்தவர், ஆலோசகராக வந்து வேடத்தையே வாங்கிக்கொண்டார். வியட்நாம் வந்ததும் படம் சரிகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், புதிதாக ஒன்றுமில்லை. லண்டனில் ஒரு பழைய எரிவாயு ஆலையில் எடுத்ததாம், வானத்தைப் பார்த்தாலே தெரிகிறது. 'ஐஸ் வைட் ஷட்' வெளியாவதற்கு நான்கு மாதம் முன்பு, 1999 மார்ச்சில் குப்ரிக் காலமானார். அதனாலோ என்னவோ எல்லோரும் அதைக் கொஞ்சம் மென்மையாகவே பார்க்கிறார்கள். நிகோல் கிட்மன் அந்தக் கடற்படை அதிகாரியைப் பற்றிச் சொல்லும் இடம் அபாரம், முகமூடி விருந்து எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது.

கூடுதல் சரக்கில் 2001இல் வந்த 'எ லைஃப் இன் பிக்சர்ஸ்' இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பார்க்கலாம், தகவல் நிறைய. இயக்கியவர் யான் ஹார்லன், குப்ரிக்குக்கு மச்சான் முறை. மச்சான் எடுத்த படத்தில் குறை எங்கிருந்து வரும்?

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று 'பாத்ஸ் ஆஃப் குளோரி'யைத் தனி டிஸ்க்காக எடுத்துக்கொண்டு போனேன், இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். 1957இல் வந்த படம், எடுக்கும்போது குப்ரிக்குக்கு 28 வயது, ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. தளபதியின் பதவி ஆசைக்காக நடத்திய தாக்குதல் தோற்க, மூன்று சிப்பாய்களைக் கோழைகள் என்று சுட்டுக் கொல்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மதுக்கடையில், பிடிபட்ட ஜெர்மன் பெண்ணை மேடையேற்றிப் பாடச் சொல்லி பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஊளையிடுகிறார்கள். அவள் அழுதுகொண்டே, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுகிறாள். சத்தம் குறைகிறது. மொழி தெரியாத அந்தப் பாட்டை ஒவ்வொருவராக முனக ஆரம்பிக்கிறார்கள், ஒரு கிழவர் கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. போர்முனைக்குத் திரும்ப உத்தரவு வந்துவிட்டது என்று வெளியே நிற்கும் கர்னலிடம் சொல்ல, அவர் இன்னும் சில நிமிடம் இருக்கட்டும் என்கிறார். பாடிய பெண்ணைத்தான் குப்ரிக் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார்.

திரை இருண்டதும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாத்தியா, இதைத்தான்டா நான் இவ்வளவு நாளா சொல்றேன்" என்றான். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.