கப்பல்ல சொந்த ஒயின் கொண்டு போக "பர்மிஷன்" வாங்கித் தரேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க

மூணு மாசமா எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன். விஷயம் ஒயின் பத்தினது, சொந்தக்காரங்க எல்லாம் படிப்பாங்க, "ஓ இவ குடிப்பாளா"ன்னு ஒரு பேச்சு வரும். பரவால்ல வரட்டும். ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் இருந்து கால்வெஸ்டன் துறைமுகம் போய் குடும்பத்தோட குரூஸ் ஏறுற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்காகத்தான் இது. எங்களுக்கு 225 டாலர் போச்சு. அது கூட பெருசில்ல, அத்தையோட பி.பி. மாத்திரை ஒரு சாயங்காலம் முழுக்க கப்பலோட அடித்தளத்துல ஒரு ரூம்ல பூட்டிக் கெடந்துச்சு, அந்தக் கடுப்புதான் இன்னும் ஆறல.

போன மார்ச், ஸ்ப்ரிங் பிரேக். மாமனார் மாமியாருக்கு கல்யாணமாகி 50 வருஷம், கும்பகோணத்துலருந்து ஆறு மாசம் தங்க வந்திருந்தாங்க. நாங்க ஹூஸ்டன் பக்கம் கேட்டி (Katy)ல இருக்கோம், இவரோட அண்ணன் குடும்பம் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல. பெரியவங்க ஆறு பேர், அண்ணன் பையன் ஆஸ்டின்ல காலேஜ் படிக்கறான் 20 வயசு, எங்க பொண்ணுக்கு 12. மொத்தம் எட்டு பேர், மூணு கேபின், ஏழு ராத்திரி, கொசுமேல், ரோவட்டான், கோஸ்டா மாயான்னு மெக்சிகோ, ஹோண்டுராஸ் பக்கம் மூணு துறைமுகம். எங்க வீட்ல ஒயின் குடிக்கறது யாருன்னா நானும் என் ஓர்ப்படியும் தான். ஆம்பளைங்க ரெண்டு பேரும் பீர் பார்ட்டி. மாமா "டாக்டரே சொல்லிருக்காரு"ன்னு ஒரு சின்ன கிளாஸ் எடுத்துப்பார். அத்தைக்கு இது எதுவும் தெரியாது, அதாவது தெரியாதுன்னு நாங்க நினைச்சுட்டு இருந்தோம்.

புக்கிங் பண்ணிக் குடுத்த ஏஜெண்டு நம்ம ஊர்க்காரர் தான். பேர் போடல. இங்க ஒரு வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் அண்ணா அண்ணான்னு கூப்பிடுற ஆள், தீபாவளி லீவு, தேங்க்ஸ்கிவிங்னு குரூப் குரூப்பா ஆளுங்கள கப்பல் ஏத்தி விடுவார். டிக்கெட் விலையில ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், அந்தக் காசு நேரா கப்பல் கம்பெனிக்கு கிரெடிட் கார்டுல போச்சு, சரியா இருந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்பறம் நான் தான் வாய வச்சுட்டு சும்மா இருக்காம, "அண்ணா ஒயின் கொண்டு போலாமா"ன்னு தனியா மெசேஜ் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல போன் வந்துருச்சு.

அவர் சொன்னதுல பாதி உண்மை, அங்கதான் விழுந்தேன். டிரிங்க்ஸ் பேக்கேஜ் எடுக்காதீங்கம்மா, தினம் ஆளுக்கு எழுபது எம்பது டாலர் ஆகும், அதுக்கு மேல 18 பர்சன்ட் டிப்ஸ் சேர்ப்பான், ஒரு கேபின்ல ஒருத்தர் எடுத்தா இன்னொரு பெரியவரும் எடுத்தே ஆகணும்னான் (மரியாதை போயிருச்சு, மன்னிச்சுக்கோங்க). இதெல்லாம் நெட்ல தேடினா அப்படித்தான் இருக்கு. அப்பறம் அவரே, உங்க ஒயின நீங்களே கொண்டு போங்க, ஆளுக்கு ஒண்ணு, ஏழு பேருக்கு ஏழு பாட்டில், ஆனா கப்பல்ல பாட்டில் தொறந்தா ஒவ்வொண்ணுக்கும் கார்க்கேஜ்னு ஒரு சார்ஜ் போடுவான், அதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு, "செலிப்ரேஷன் ஆட்-ஆன்"னு கேபினுக்கு 75 டாலர், அதுல சொந்த ஒயின் பர்மிஷனும் வந்துரும் கார்க்கேஜும் வேவ் ஆயிரும்னு சொன்னார். மூணு கேபினுக்கு 225. கார்டு எடுத்துப்பீங்களான்னு கேட்டேன். "இது சின்ன அமவுண்ட் தானேம்மா, ஜெல்ல போட்டு விட்ருங்க"ன்னார். ஜெல்னா தெரியுமே, பேங்க் ஆப்ல இருந்து நேரா இன்னொருத்தர் அக்கவுண்டுக்கு போறது, நாமளே அனுப்பிட்டா திரும்பி வாங்கறது குதிரைக் கொம்பு. போட்டேன். ஏழு பேர்னு அவர் சொன்னப்போ 20 வயசுப் பையனையும் சேத்துட்டாரேன்னு கூட எனக்கு உறைக்கல.

அப்பறம் இன்னொண்ணும் சொன்னார். "ஏழு பாட்டிலையும் ஒரே பெட்டில துணி சுத்தி வச்சு போர்ட்டர்கிட்ட குடுத்துருங்க, கைல தூக்கிட்டு அலையாதீங்க." இது எனக்கு வசதியா இருந்துச்சு. ஏன்னா கைப்பையில ஆளுக்கு ஒண்ணுன்னா அத்தை பையிலயும் ஒரு பாட்டில் வைக்கணும். அந்தப் பையில வைத்தீஸ்வரன் கோவில் விபூதிப் பொட்டலம் இருக்கு, ஸ்லோக புஸ்தகம் இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒயின் பாட்டில் வைங்க அத்தைன்னு எந்த மருமக போய் சொல்லுவா. சரி, பெட்டில போட்டா யாருக்கும் தெரியப் போறதில்லன்னு விட்டுட்டேன். அஞ்சு பாட்டில் காஸ்ட்கோல வாங்கினது, ரெண்டு பாட்டில் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் போனப்போ 290 ரோடு வழியா இருக்கற ஒரு திராட்சைத் தோட்டத்துல வாங்கினது, அதுல ஒண்ணு டெம்ப்ரனீயோங்கற ரெட் ஒயின், 46 டாலர், 50வது வருஷத்துக்குன்னே எடுத்து வச்சது. அத்தையோட பழைய காட்டன் புடவை நாலு, பாத் டவல் மூணுல சுத்தி, பெரிய சிவப்புப் பெட்டி. பெட்டில இடம் இருக்கேன்னு அத்தை மருந்துப் பொட்டலத்தையும் மாமாவோட வேட்டி சட்டையையும் அவங்களே கொண்டு வந்து மேல வச்சாங்க, அத நான் பாக்கல.

ஏறினோம், சாப்பிட்டோம், எல்லாம் நல்லா போச்சு. அண்ணன் கேபின்ல கதவுல ஒரு போஸ்டர், உள்ள கலர் காகிதத் தோரணம், "ஹேப்பி ஆனிவர்சரி". கல்யாண நாள் மாமா அத்தைக்கு, தோரணம் காலேஜ் பையன் தூங்குற ரூம்ல. கப்பல்காரன் மாத்திக் கட்டிட்டான் போலன்னு சிரிச்சுட்டே போட்டோ எடுத்தோம். அந்தத் தோரணத்த ஞாபகம் வச்சுக்கோங்க.

சாயங்காலம் ஆறரைக்கு எல்லா பெட்டியும் வந்துருச்சு, சிவப்புப் பெட்டி மட்டும் வரல. ஏழு மணிக்கு அத்தை மாத்திரை எங்கன்னு தேட ஆரம்பிச்சாங்க. கேபின் பாத்துக்கற பையன்கிட்ட கேட்டா, கீழ் தளத்துல செக்யூரிட்டி ரூம் இருக்கு, உங்க பெட்டில ஏதோ இருக்கு, நீங்க வந்து தொறந்து காட்டணும்னான். நானும் இவரும் கிளம்பினோம், அத்தை "என் மாத்திரை, நானும் வரேன்"னு செருப்ப மாட்டிட்டாங்க. என்ன சொல்லி நிறுத்தறது.

அந்த ரூம் வாசல்ல முப்பது நாப்பது பேர் லைன்ல. முன்னாடி ஒரு குஜராத்தி ஆன்ட்டி, ரைஸ் குக்கர் கொண்டு வந்து மாட்டிக்கிட்டாங்க. தீப்பிடிக்கும்னு ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவுமே விட மாட்டான், நம்ம ஆளுங்க இதையும் குறிச்சுக்கோங்க. இன்னொருத்தர் மவுத்வாஷ் பாட்டில்ல ரம்ம ஊத்தி பச்சைக் கலர் போட்டுக் கொண்டு வந்திருக்கார், அத மோந்து பாத்துட்டு அந்த ஆபீசர் சிரிக்கக் கூட இல்ல, அவ்ளோ பாத்திருப்பாங்க போல.

எங்க முறை வந்துச்சு. அத்தை கண்ணு முன்னாடி, அத்தையோட சொந்தப் புடவைய ஒண்ணொண்ணா பிரிச்சு, உள்ளருந்து பாட்டில எடுத்து மேஜைல வச்சாங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏழு வரைக்கும். நான் தரையப் பாத்துட்டு நின்னேன். அத்தை ஒரு வார்த்தை பேசல, மருந்துப் பொட்டலத்த எடுத்துக்கிட்டாங்க, அவ்ளோ தான்.

ஆபீசர் அம்மா ஒண்ணும் திட்டல, நிதானமா சொன்னாங்க. ஒயின் கொண்டு வரலாம், ஆனா ஏறுற அன்னைக்கு, அவங்கவங்க கைப்பையில, 21 வயசு ஆனவங்களுக்கு ஆளுக்கு 750 மில்லி ஒரே ஒரு பாட்டில். லக்கேஜ்ல போட்டா எடுத்து வச்சுருவோம். நான் பர்மிஷன் வாங்கிருக்கோம், காசு கட்டிருக்கோம்னு ஏஜெண்டு அனுப்பின பிடிஎஃப காட்டினேன். அத வாங்கிக் கூட பாக்கல, "அப்படி ஒண்ணு எங்ககிட்ட கிடையாது மேடம்". எங்க மூஞ்சியப் பாத்து பாவப்பட்டு ரெண்டு பாட்டில் மட்டும் குடுத்தாங்க, மீதி அஞ்சுக்கு ஒரு சீட்டு, கடைசி நாள் ராத்திரி வந்து வாங்கிக்கோங்கன்னு. அவசரத்துல கைக்கு வந்த ரெண்ட எடுத்தேன், ரெண்டுமே காஸ்ட்கோ. டெம்ப்ரனீயோ உள்ள போயிருச்சு.

மறுநாள் ராத்திரி டிரெஸ் பண்ணிட்டுப் போற டின்னர், ரெண்டையும் எடுத்துட்டுப் போனோம். ரெண்டுக்கும் 15, 15, முப்பது டாலர் கணக்குல ஏறிருச்சு. எங்க கப்பல்ல கேபின்லயே குடிச்சா ஒண்ணும் இல்ல, டைனிங் ரூம் மாதிரி பொது இடத்துக்குக் கொண்டு வந்தா கார்க்கேஜ். அதுக்கு வேவர் வாங்கிருக்கோமேன்னு கஸ்டமர் டெஸ்க்ல போய் நின்னேன். அங்க இருந்த பொண்ணு ஸ்கிரீன எங்க பக்கம் திருப்பிக் காட்டிச்சு. மூணு புக்கிங்லயும் சேத்து ஒரே ஒரு ஆர்டர் தான் இருக்கு: ரூம் டெக்கரேஷன், ஒண்ணு, அண்ணன் கேபின் நம்பர். அந்தத் தோரணம்! 225 டாலர் வாங்கி, முப்பது நாப்பது டாலர் காகிதத் தோரணத்த ஒரு ரூம்ல கட்டிட்டு "செலிப்ரேஷன் ஆட்-ஆன்"னு பில்லு போட்டிருக்கார். பொய்யின்னும் சொல்ல முடியாது பாருங்க, செலிப்ரேஷன் நடந்துச்சே.

நான் பண்ணாத ஒரு வேலை என்னன்னா, கப்பல் கம்பெனியோட ஆப்ல புக்கிங் நம்பரப் போட்டா நம்ம பேர்ல என்னென்ன வாங்கிருக்குன்னு எல்லாம் தெரியும். அதுல இல்லாதது கப்பல்ல கிடையாது, ஏஜெண்டு எவ்ளோ அழகா பிடிஎஃப் அடிச்சுக் குடுத்தாலும். ரூல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்ங்கறதும் உண்மை. டிஸ்னி கப்பல்ல பெரியவங்க ஆளுக்கு ரெண்டு பாட்டில் ஒயின் இல்லன்னா ஆறு பீர், துறைமுகம் துறைமுகமா கூட கொண்டு வரலாம், நார்வீஜியன் கம்பெனி கப்பல்ல நீங்க எங்க குடிச்சாலும் பாட்டிலுக்கு கார்க்கேஜ் உண்டு. ஆனா கார்க்கேஜ் எங்க போட்டாலும் அது கப்பல் கணக்குல ஏறுற காசு, ஏஜெண்டு ஜெல்லுக்குப் போற காசு இல்ல.

கடைசி ராத்திரி சீட்டக் குடுத்து வாங்கப் போனா நாலு பாட்டில் தான் வந்துச்சு. சீட்டுல "ஒயின், 5"ன்னு மட்டும் எழுதிருக்கு, என்ன பிராண்டுன்னு இல்ல, நானும் போட்டோ எடுக்கல. தேடிப் பாக்கறோம்னாங்க, தேடல. நல்ல வேளை டெம்ப்ரனீயோ இருந்துச்சு. அண்ணன் கொசுமேல்ல ஃப்ரெண்டுக்குன்னு வாங்கின டெக்கீலாவும் அங்கருந்து தான் வந்துச்சு, வழியில வாங்குற பாட்டில ஏறும்போதே வாங்கி வச்சுருவான்.

இறங்கும்போது இன்னொரு கூத்து. கால்வெஸ்டன்ல டெக்சாஸ் மாநிலத்தோட மதுபான வரி கவுண்டர் ஒண்ணு இருக்கு. கஸ்டம்ஸ்ல 21 வயசுக்கு மேல ஆளுக்கு ஒரு லிட்டர் வரைக்கும் டியூட்டி இல்ல தான், ஆனா வெளிய வாங்கிட்டு வர்ற பாட்டிலுக்கு இந்த மாநில வரி தனியா கட்டணும். டெக்கீலாவுக்குக் கட்டினார். என் பாட்டில் லேபிள்ல "டெக்சாஸ்"னு பெருசா இருக்கறதப் பாத்துட்டு அங்க இருந்த அம்மா, "இது மெக்சிகோ வரைக்கும் சும்மா போய்ட்டு வந்துச்சா"ன்னு சிரிச்சாங்க. அந்த பாட்டில் யார் கைல இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? அத்தை பையில. விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல. முந்தின ராத்திரி பெட்டி கட்டும்போது அவங்களே வந்து, "என்கிட்ட சொல்லிருந்தா நானே ஒண்ணு தூக்கிட்டு வந்திருப்பேனே, எம் பொடவைய எதுக்கு அசிங்கப்படுத்தினீங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல. ஓர்ப்படி பாத்ரூம்ல போய் சிரிச்சுட்டு வந்தா.

வீட்டுக்கு வந்து அந்த ஆளுக்குப் போன் போட்டேன். முதல்ல கப்பல்காரன் ரூல மாத்திட்டான்னார், அப்பறம் அது ப்ராசசிங் ஃபீஸ்னார், அப்பறம் "ஃபேமிலியா இருந்துட்டு ஒயினுக்காக இவ்ளோ பேசறீங்களேம்மா"ன்னார். அந்த ஒரு வார்த்தைல எனக்குப் புரிஞ்சுருச்சு. குரூப்ல ஒயின்ங்கற வார்த்தையே இல்லாம, "செலிப்ரேஷன் ஆட்-ஆன் யாராவது வாங்கினீங்களா"ன்னு மட்டும் கேட்டேன். குரூப்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. தனி மெசேஜ்ல மூணு குடும்பம் வந்தாங்க, மூணு பேரும் கேபினுக்கு 75, மூணு பேரும் ஜெல், மூணு பேரும் "தயவுசெஞ்சு என் பேர சொல்லிராதீங்க". கோவில் கமிட்டில இருக்கறவங்க, பிள்ளைங்களுக்கு தமிழ் ஸ்கூல்ல பாடம் எடுக்கறவங்க, யார் போய் நடுச் சபைல நின்னு என் ஒயின் காசத் திருப்பிக் குடுன்னு கேப்பாங்க? அவர் அதுக்குத்தான் டிக்கெட் விலையில கை வைக்காம இதுல கை வைக்கறார்.

பேங்க்ல கம்ப்ளெயின்ட் குடுத்தேன், நீங்களா அனுப்பின காசு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்டு பேரோட பிடிஎஃப், ஆப் ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் வச்சு எழுதிருக்கேன். உங்க இன்வாய்ஸ்லயும் "செலிப்ரேஷன் ஆட்-ஆன்"னு ஒரு லைன் இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, பேர் வெளிய வராது. அத்தைகிட்ட இத எழுதப் போறேன்னு சொன்னேன். "எழுது, ஆனா ஏழு பாட்டில்னு எழுதாத, ரெண்டுன்னு போடு"ன்னாங்க.