பி ஸ்டாண்டில் பத்து வருஷம்

2014 டிசம்பர், இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து அரையிறுதி. இரண்டு ஆட்டத்தில் முதலாவதில் கொச்சியில் 0-3 தோற்றுவிட்டு வந்த எங்கள் ஊர் டீம் 'சென்னையின் எஃப்.சி.', சென்னை நேரு ஸ்டேடியத்தில் அதே 3-0ஐத் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரம் முடியப்போகையில் கேரளா பிளாஸ்டர்ஸின் பியர்சன் ஒரு கோல் போட்டார். இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 3-4, எல்லாம் போச்சு. சென்ட்ரல் வரை ஒருத்தரும் வாய் திறக்காமல் நடந்தோம். நான் இந்த டீமிடம் வசமாக மாட்டிக்கொண்டது அந்த ராத்திரிதான்.

அதற்கப்புறம் போக முடிந்த மேட்சுக்கெல்லாம் போகிறேன். டிக்கெட் விலை கையைக் கடிக்காது. ஓட்டப்பந்தயத் தடம் சுற்றி இருப்பதால் மைதானம் தள்ளித் தெரியும்; எதிர்ப்பக்கம் கோல் விழுந்தால் யார் அடித்தது என்று பக்கத்துச் சீட்டைக் கேட்க வேண்டியதுதான்.

கூட்டம்? எதிரில் யார் என்பதைப் பொறுத்தது. பிளாஸ்டர்ஸ் வந்தால் பாதி ஸ்டேடியம் மஞ்சள். நம்ம ஊரில் நாம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்போம். எரிச்சலாக இருக்கும், ஆனால் தொண்டை கிழியக் கத்துவதும் அன்றைக்குத்தான். வார நாளில் இரவு 7.30க்கு வடக்கத்தி அணி வந்தால் காலி நாற்காலிகளை எண்ணலாம். அப்போதும் ரசிகர் குழுக்களான சூப்பர்மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் புளூஸும் மேளத்தை நிறுத்துவதில்லை.

'சென்னைக்காரனுக்கு கிரிக்கெட்தான்' என்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன். இந்த டீமின் பெரிய நாட்கள் எங்கள் கண்ணெதிரே நடக்கவே இல்லை. 2015 வெள்ளத்தால் அரையிறுதியின் ஹோம் மேட்ச் புனேக்குப் போனது. அந்த வருஷக் கோப்பை கோவாவில், 2018 கோப்பை பெங்களூருவில். 2020 ஃபைனல் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில். அடுத்த இரண்டு சீசனும் முழுக்கக் கோவாவில், பூட்டிய கேட்டுக்குள். வீட்டு டிவி முன்னால் எத்தனை நாள் மேளம் அடிப்பது? அந்த இடைவெளியில் விட்டுப்போன சில முகங்களை நான் திரும்பப் பார்க்கவில்லை.

எங்களுக்கென்று மிச்சம் 2018 மார்ச் 13. நேரு ஸ்டேடியத்தில் கோவா அணியுடன் அரையிறுதி, 3-0. ஜேஜே இரண்டு கோல், நடுவில் ஒன்று நம்ம ஊர்ப் பையன் தனபால் கணேஷ். அந்த கோலுக்குக் கட்டிப்பிடித்தவர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அடுத்த மேட்சிலும் பக்கத்தில்தான் இருந்தார், ஒரு தலையசைப்போடு சரி.