கோயில் வெப்சைட் செஞ்சு குடுத்த இடம்: வேலை நல்லா இருக்கு, ஆனா லிங்க்கை ஒரு தடவை பாத்துக்குங்க

எங்க கோயில் தைப்பூசக் காவடிக்குன்னு தனி பக்கம் வேணும்னு ரோஸ் ஹில் பக்கம் ஒரு சின்ன வெப் டிசைன் ஆபீஸ்ல குடுத்தோம். மொரீஷியஸ்ல காவடிக்கு அரசு விடுமுறை, எல்லாரும் பாப்பாங்க, அதனால தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூணும் வேணும்னு சொன்னோம். சொன்ன தேதிக்கு முன்னாடியே அழகா முடிச்சுக் குடுத்துட்டாங்க.

முதல் நாளே ஒரு அம்மா போன் பண்ணி "பால்குடத்துக்குப் பேர் குடுக்கப் போனா அப்படி ஒரு பக்கமே இல்லன்னு வருதேப்பா"ன்னாங்க. போய்ப் பாத்தா வாக்கியத்தோட கடைசி முற்றுப்புள்ளியும் லிங்க் முகவரிக்குள்ள ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, சர்வர் அதை வேற பக்கம்னு நெனச்சு 404 காட்டுது. வாக்கியத்தோட புள்ளி லிங்க்குக்கு வெளியதான் இருக்கணும்.

தமிழ்ப் பக்கம்தான் எனக்கு ரொம்ப வலிச்சுது. செஞ்ச தம்பிக்குத் தமிழ் படிக்க வராது, வீட்ல பேசறது கிரியோல் மொழிதான். "பதிவுப் படிவத்தை நிரப்பவும்"ங்கறதுல "பதிவுப் படிவத்" வரைக்கும் நீலம், "தை" மட்டும் கறுப்பா தனியா நிக்குது, காவடிப் பக்கம்ங்கறதால அதை தை மாசம்னு படிச்சவங்களும் உண்டு. நம்ம மொழில வேற்றுமை உருபு சொல்லோட ஒட்டித்தான் வரும், அதை வெட்டக் கூடாது, முழுச் சொல்லுக்கும் லிங்க் போடணும்.

பிரெஞ்சுல கேள்விக்குறிக்கு முன்னாடி ஒரு இடைவெளி விடுவாங்கல்ல, வண்டி எங்க நிறுத்தறதுன்னு கேக்கற லிங்க்ல அந்தக் குறி மட்டும் மொபைல்ல அடுத்த வரிக்கு இறங்கி, அடிக்கோட்டோட தனியா கிடந்துச்சு. முழுக் கேள்வியும் லிங்க்ங்கறதால குறி உள்ளயே இருக்கறது சரிதான், சாதா இடைவெளிக்குப் பதிலா, சொல்லையும் குறியையும் ஒரே வரியில சேத்து வெக்கற உடையாத இடைவெளி போட்டிருந்தா போதும்.

பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேர்ல போனேன். அந்தத் தம்பி முகம் சுளிக்காம ரெண்டு மணி நேரம் கூட உக்காந்து ஒண்ணொண்ணா மாத்தினாரு, காசு வாங்கல. ஏழு எடத்துல "இங்கே"ன்னு இருந்த லிங்க்கையும் எடுத்துட்டு என்ன பக்கமோ அந்தப் பேரையே போட்டாரு. எங்க கோயிலுக்கு வர்ற கண் தெரியாத அண்ணன் ஒருத்தர் ஸ்கிரீன் ரீடர்ல லிங்க்கை மட்டும் வரிசையா கேப்பாரு, அவருக்கு முன்னாடி "இங்கே இங்கே"ன்னு மட்டும்தான் கேட்டிருக்கும், பாவம்.

அன்னதானப் பக்கத்தையும் அவங்ககிட்டயே குடுத்திருக்கேன். இந்தத் தடவை தமிழ்ல எந்த எழுத்துலேர்ந்து எந்த எழுத்து வரைக்கும் லிங்க்னு மஞ்சள் மார்க்கர்ல நானே கோடு போட்டுக் குடுத்தேன்.