மூட்டுத் தேய்மானமா, முடக்குவாதமா: எலும்பு எதில் அதிகம் வலுவிழக்கிறது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் இரண்டு எக்ஸ்ரே இருக்கின்றன: பெரியம்மாவின் முட்டி, சித்தியின் கை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே வித்தியாசம் தெரிகிறது.

பெரியம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். குருத்தெலும்பு தேய்ந்த இடத்துக்குக் கீழே எலும்பு தடித்து வெள்ளைக் கோடாகப் பளிச்சிடுகிறது. வெள்ளை என்றால் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. அவசரமாக உருவான அந்த எலும்பில் தாது உப்பு குறைவு. ஸ்கேனில் அடர்த்தி நன்றாக இருந்தாலும், வலியில் தடுமாறி விழுந்தால் எலும்பு முறியலாம்.

சித்திக்கு முடக்குவாதம்: உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய். விரல் மூட்டுகளை ஒட்டி எலும்பு மங்கி, ஓரங்கள் எலி கடித்தது போல அரித்திருக்கின்றன. அந்த அழற்சி, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. அது கை மூட்டோடு நிற்காது. இடுப்பு, முதுகெலும்பு வரை போகும். போதாததற்கு, எலும்பை மெலியவைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு. எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் முறையில் முடக்குவாதத்துக்குத் தனிக் கேள்வியே உண்டு, தேய்மானத்துக்கு இல்லை.

எனக்குச் சித்தியை நினைத்துத்தான் பயம். பெரியம்மாவுக்குக் குளியலறையில் கைப்பிடி போட்டாயிற்று. சித்திக்கு அது மட்டும் போதாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்க வேண்டும். மாத்திரையை அவராக நிறுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.