டஃப்டிங் கன் வாங்கப் போகிறீர்களா? 14,500 ரூபாயை விட்டவள் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு, எனக்கு அதை விற்றவன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆற அமர எழுதும் நிலையில் நான் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு மாங்காய் டிசைனில் ஒரு விரிப்பு செய்து தரலாம் என்று ஆசை. ஈரோட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. துணியில் நூலைக் குத்திக் குத்தி விரிப்பு செய்யும் மிஷின்தான், அதாவது டஃப்டிங் கன்தான், இல்லை. இன்ஸ்டாகிராமில் கைவினைச் சாமான் விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. மிஷின், இரண்டு மீட்டர் துணி, பசை எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய்.

நான் விழுந்தது அவன் பேச்சில். "அக்கா, உங்களுக்கு வெட்டு நூல் வேணுமா, லூப் வேணுமா?" என்று அவனே கேட்டான். வெட்டு நூல் என்றால் நுனி வெட்டுப்பட்டுப் புசுபுசுவென்று நிற்கும், லூப் என்றால் வெட்டாமல் வளையமாக நிற்கும். இரண்டும் வேண்டும் என்றேன். "அப்போ ரெண்டும் போடுற மிஷினே அனுப்புறேன்" என்றான். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரணும் என்றான். பின்பக்கமிருந்து குத்துவதால் படத்தை இடவலம் மாற்றி வரையணும் என்று நினைவுபடுத்தினான். இத்தனை தொழில் தெரிந்தவன் ஏமாற்றுவானா? டெலிவரியில் பணம் தருகிறேன் என்றதற்கு, "அது கஸ்டம் ஆர்டருக்கு கிடையாதுக்கா" என்றான். சரி என்று முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன். ஒரே தடவையில், 14,500.

எட்டாம் நாள் பார்சல் வந்தது. மிஷின் ஓடியது, ஆனால் ஒரு நூல்கூட வெட்டுப்படவில்லை. வெட்டும் மிஷினில் ஊசியோடு சேர்ந்து ஒரு சின்னக் கத்தரி வேலை செய்யும். இதில் கத்தரியே இல்லை, வெறும் லூப் மிஷின்! துணி அதைவிட மோசம். கோடு போட்ட டஃப்டிங் துணி என்று சொல்லிவிட்டுச் சாக்கு மாதிரி தளர்ந்த துணியை வைத்திருக்கிறான். பசை பூசும்வரை நூலைப் பிடித்து நிறுத்துவது துணியின் இறுக்கம் மட்டும்தான். நான் பாதி மாங்காய் போட்டு முடிப்பதற்குள் முதலில் போட்டது உதிர ஆரம்பித்தது. அப்புறம் துணியே கிழிந்தது.

போன் செய்தேன். முதல் நாள், "எண்ணெய் விடுங்கக்கா." இரண்டாம் நாள், "உங்க நூல் சரியில்ல." மூன்றாம் நாள், "நீங்க மிஷினை அழுத்திப் பிடிக்கல, கைப்பழக்கம் வரணும்." கத்தரி எங்கே என்று கேட்டதும், "அது தனி செட், 3,200 ஆகும்" என்றான். எனக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. அவன் முன்பு அனுப்பிய வீடியோவையே திருப்பி அனுப்பினேன். அதில் ஓடுவது கத்தரி வைத்த வேறு மிஷின். "ஓனர் வெளியூர்ல இருக்கார், திங்கட்கிழமை பேசுவார்" என்று பதில் வந்தது. அதுவரை அவன்தான் ஓனர் என்று நினைத்திருந்தேன். திங்கள் போய் அடுத்த திங்களும் போனது. நீல டிக் விழும், பதில் வராது. நேற்று, பணம் வராவிட்டால் புகார் கொடுப்பேன் என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பிளாக்.

14,500 ரூபாய். சட்டம் அடித்த தச்சருக்குக் கொடுத்தது தனி.

வாங்குகிறவர்களுக்கு விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. மிஷினை வீடியோ காலில் உங்கள் கண்முன் ஓட்டி, நூல் வெட்டுப்படுவதைக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே போடாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். என்னிடம் அவன் பெரிய வாக்குறுதி கொடுத்ததெல்லாம் போனில். நுகர்வோர் உதவி எண் 1915, சைபர் மோசடிக்கு 1930. இரண்டிலும் இன்று காலை சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விழா. பவானி ஜமக்காளம் ஒன்று வாங்கிக்கொண்டு போகிறேன்.