லுவாவின் சி இடைமுகம்: ஸ்டிரிங் கொடுத்து மதிப்பு வாங்கும் பகுதி எப்படி?

லுவா 1993-இலிருந்து இருக்கும் நிரல்மொழி, அதை முழுசாக அலச வரவில்லை. சி நிரலில் கையில் இருக்கும் ஸ்டிரிங்கை (எழுத்துச் சரத்தை) லுவா மதிப்பாக்கித் தரும் நாலைந்து ஃபங்ஷன்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு ஸ்கிரிப்ட் மொழியை உள்ளே பொருத்தும்போது என் நேரத்தில் பாதி இங்கேதான் போனது.

ரொம்பப் பிடித்தது நகல் விதி. புஷ்ஸ்ட்ரிங் (lua_pushstring) என்று கூப்பிட்டதும் லுவா தனக்கென்று ஒரு நகல் எடுத்து ஸ்டாக்கில் (சியும் லுவாவும் மதிப்புகளைக் கொடுத்து வாங்கும் அடுக்கில்) வைத்துக்கொள்கிறது, அடுத்த வரியிலேயே நீங்கள் உங்கள் பஃபரை விடுவிக்கலாம், அதன் மேலேயே வேறு எதையும் எழுதலாம். நினைவகம் யாருடையது என்ற குழப்பமே இல்லை. நல் (NULL) பாயிண்டர், அதாவது எதையும் சுட்டாத முகவரி, கொடுத்தால்கூட நிரல் விழாது, ‘மதிப்பு இல்லை’ என்று குறிக்கும் நில் (nil) வந்து உட்காரும்.

ஆனால் இதே ஃபங்ஷன் பூஜ்ய பைட்டைக் கண்ட இடத்தில் நின்றுவிடும். பிஎன்ஜி படம் ஒன்றை இதன் வழியாக அனுப்பிவிட்டு, லுவா பக்கம் வெறும் 8 பைட் வருகிறதே என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பிஎன்ஜியின் அடையாள பைட்டுகள் 8, ஒன்பதாவது பைட் பூஜ்யம், அவ்வளவுதான் விஷயம். நீளத்தையும் சேர்த்து வாங்கும் புஷ்எல்ஸ்ட்ரிங் தான் சரியான வழி, இப்போதெல்லாம் எதற்கும் அதையே போடுகிறேன். அந்த நீளம் பைட் கணக்கு என்பதை மட்டும் மறக்கக்கூடாது: யுடிஎஃப்-8-இல் ‘தமிழ்’ என்ற சொல்லே 15 பைட்.

ஸ்டிரிங்கிலிருந்து எண் வேண்டுமென்றால் லுவா 5.3 பதிப்பில் வந்த ஸ்ட்ரிங்டுநம்பர் இருக்கிறது. மாற்ற முடியாவிட்டால் 0 திருப்பித் தரும், ஸ்டாக்கில் எதையும் வைக்காது, ஆகவே திரும்பி வந்ததைப் பார்க்காமல் பாப் செய்தால் (ஸ்டாக்கின் மேலே இருப்பதை எடுத்தால்) வேறு யாரோ வைத்த மதிப்பு போய்விடும்.

குறை என்றால், ஸ்டாக்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில். லுவா கூப்பிடும் சி ஃபங்ஷனுக்கு 20 இடம் உறுதி, லூப் போட்டுத் தள்ளினால், கூடுதல் இடம் கேட்டு வாங்கும் செக்ஸ்டாக் கட்டாயம். நினைவகம் தீர்ந்தால் புஷ்ஸ்ட்ரிங்கே பிழை எழுப்பும், பிழையைப் பிடித்துக்கொள்ளும் பிகால் (pcall) அழைப்பின் பாதுகாப்புக்கு வெளியே அப்படி நடந்தால் முழு நிரலும் நின்றுவிடும். இது ஆவணத்தில் இருக்கிறது, ஆனாலும் புதிதாக வருபவர் கண்ணில் படும்படி இல்லை.

அப்புறம், தயவுசெய்து பயனர் தந்த உரையை ஸ்கிரிப்டோடு ஒட்டி, ஸ்டிரிங்கை நிரலாக ஏற்றும் லோட்ஸ்ட்ரிங்குக்குக் கொடுக்காதீர்கள். உரைக்குள் ஒரு மேற்கோள் குறி வந்தால் போதும், மீதி எல்லாம் நிரலாக ஓட ஆரம்பிக்கும். ஃபங்ஷனைத் தனியாக ஏற்றி, உரையை புஷ்எல்ஸ்ட்ரிங்கில் ஆர்க்யுமெண்ட்டாகக் கொடுங்கள், இரண்டு வரிதான் கூடும்.