ஓடுகிறவரைத் திட்டும் கடிகாரம்: நீண்ட நாள் அனுபவம்

இந்த ஜிபிஎஸ் கடிகாரத்தின் அடுத்த பதிப்பு வந்துவிட்டதால் பழையதன் விலை இறங்கியிருக்கிறது. முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர் ஒருவர், “நீங்கள் இதைக் கட்டிக்கொண்டுதானே பயிற்சி எடுத்தீர்கள், வாங்கலாமா?” என்று கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்றுதான் அது மறுபடியும் என்னைத் திட்டியிருந்தது.

திரையின் அளவு, எடை, எத்தனை விளையாட்டுகளை அது அறியும் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல்கள், விட்டுவிடுகிறேன். முதல் மாரத்தான் பயிற்சி முழுவதும் இது என் மணிக்கட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வியர்வை உப்பு ஏறி ஒரு பொத்தான் இறுகிப்போனதால் இடையில் பழுதுபார்க்கச் சென்று வந்தது. பட்டையை மாற்றியாயிற்று. பேட்டரி இன்னும் தளரவில்லை. கருவியாக இதில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குறை அதன் வாயில்தான்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்தவுடன் இது ஒரு தீர்ப்பு எழுதுகிறது. பயிற்சி நிலை ‘முன்னேற்றம்’, ‘பராமரிப்பு’, ‘பயனற்றது’ என்று ஏதாவது ஒரு வரி. முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர் வாரக் கடைசியில் விடியுமுன் எழுந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, படியேறக் கூடக் கைப்பிடியைத் தேடும் நிலையில் வீடு திரும்புகிறார். கடிகாரம் அதிர்கிறது. பார்த்தால் ‘பயனற்றது’. கூடவே ஓர் அம்புக்குறி, கீழ்நோக்கி.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டபின் கோபம் குறையும் என்று நினைத்தேன். கூடியது. கடிகாரத்துக்கு உங்கள் உடலைப் பற்றித் தெரிந்தவை மிகச் சில: எவ்வளவு வேகமாக நகர்கிறீர்கள், அப்போது இதயம் எவ்வளவு துடிக்கிறது. இந்த இரண்டையும் வைத்து, உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை, அதாவது விஓ2 மேக்ஸை, மதிப்பிடுகிறது. ஆய்வகத்தில் இதை அளக்க முகமூடி மாட்டி, ஓடுபொறியில் ஓடவிட்டு, மூச்சுக்காற்றைப் பகுப்பாய்வு செய்வார்கள். கடிகாரம் ஊகிக்கிறது. ஊகிப்பதில் தவறில்லை, நல்ல நிலைமையில் ஊகம் ஓரளவு கிட்டத்திலேயே வருகிறது. அதே வேகத்துக்கு முன்பைவிடத் துடிப்பு குறைந்தால் உடல் தேறியிருக்கிறது, கூடினால் தளர்ந்திருக்கிறது என்பது அதன் கணக்கு.

மாரத்தான் பயிற்சியில் இந்தக் கணக்கு உதைக்கிறது. வெப்பத்தில் நீண்ட நேரம் ஓடும்போது உடலைக் குளிர்விக்க இரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்புகிறது. வியர்வையாக நீர் போகப் போக இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைவதால், அதை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. வேகம் ஏறவே இல்லை. இரண்டாம் மணி நேரத்தில் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். எந்த உடலிலும் நடப்பதுதான் இது. கடிகாரமோ, ‘அதே வேகம், கூடுதல் துடிப்பு, ஆகவே ஆள் தளர்ந்துவிட்டார்’ என்று முடிவு கட்டுகிறது. வெப்பநிலையையும் கணக்கில் சேர்ப்பதாகப் பெட்டியில் எழுதியிருக்கிறது. சேர்த்த லட்சணம் இது.

போதாக்குறைக்கு, அந்தத் துடிப்பையே அது சரியாக எண்ணுகிறதா என்றொரு கேள்வி உண்டு. கடிகாரத்தின் அடியில் பச்சை ஒளி மின்னுகிறதே, அது தோலுக்கடியில் இரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத் துடிப்பைக் கணிக்கிறது. கை வீசி ஓடும்போது மணிக்கட்டும் சீராக அதிர்கிறது. பட்டை கொஞ்சம் தளர்ந்திருந்தால், அல்லது குளிரில் தோலின் இரத்த ஓட்டம் சுருங்கியிருந்தால், சென்சார் துடிப்பை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 170 அடிகள் வைக்கிற ஆளுக்கு இதயத் துடிப்பும் 170 என்று காட்டும். பாட்டை முணுமுணுத்தபடி ஓடிக்கொண்டிருப்பீர்கள். கடிகாரம் ‘உச்ச எல்லை’ என்று சிவப்பைக் காட்டும். இதயத்தின் மின் அலையை நேரடியாகப் பிடிக்கும் மார்புப் பட்டையை இணைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். அதைத் தனியாக வாங்க வேண்டும்.

அதிகபட்சத் துடிப்பு என்ன என்பதற்கும் அது முதலில் நம்புவது, 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தைத்தான். 40 வயதுக்காரருக்கு 180. கூட்டத்தின் சராசரிக்கு அது பொருந்தலாம். தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு கூடக்குறைய இருப்பது சாதாரணம். உண்மையான உச்சம் 190 உள்ளவர், பேசிக்கொண்டே நிதானமாக ஓடினாலும் ‘கடும் உழைப்பு’ என்ற பட்டம் பெறுவார். இந்த எண்ணை அமைப்புகளுக்குள் போய் மாற்றலாம். மாற்ற முடியும் என்பதை அது தானாகச் சொல்லாது.

திட்டு வாங்கினால் என்ன, துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். அனுபவப்பட்டவர்கள் போவார்கள். முதல்முறை ஓடுகிறவருக்கு நம்ப வேறு எதுவும் இல்லை. பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, வாரத்தின் பெரும்பாலான கிலோமீட்டர்களை முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள் என்பதை. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவதில்தான் தசைக்குள் நுண் இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ள உடல் பழகுகிறது. எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர், கீழ்நோக்கிய அம்பை மேலே திருப்புவதற்காகவே நிதான ஓட்டங்களை விரட்டி ஓடத் தொடங்கினார். அம்பு திரும்பியது. கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. போட்டியன்று கைதட்டும் கூட்டத்தில் நின்றார்.

உச்சக்கட்டக் கூத்து கடைசி இரண்டு மூன்று வாரங்களில். டேப்பர் என்று சொல்லி ஓடும் தூரத்தை வேண்டுமென்றே குறைக்கும் காலம் அது. நைந்த தசை தேறவும், உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை எரிபொருளான கிளைகோஜனின் கிடங்கு நிரம்பவும் அந்த ஓய்வு வேண்டும். ஏற்கெனவே உறக்கம் வராது, இல்லாத வலியெல்லாம் இருப்பதாகத் தோன்றும். சரியாக அந்த வாரத்தில் கடிகாரம் ‘பயிற்சி இழப்பு’ என்று அறிவித்தது. பயிற்சித் திட்டத்தை அதனுள்ளேயே ஏற்றி வைத்திருந்தேன். போட்டித் தேதி அதற்குத் தெரியும். தெரிந்தும் சொன்னது.

நியாயமாகவும் கொஞ்சம் பேச வேண்டும். இதை வாங்கியபோது நான் எதிர்பார்க்காத, விளம்பரத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத ஒரு வசதி என் முதல் மாரத்தானைக் காப்பாற்றியது. அது வெறும் அதிர்வு மணி. நான்கு நிமிடம் ஓடு, ஒரு நிமிடம் நட, மறுபடி ஓடு என்று முன்கூட்டியே அமைத்துவிட்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணிக்கட்டில் ஒரு தட்டு. அவ்வளவுதான். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே பரப்பிய ஓட்ட நடை முறை இது. களைத்தபின் நடப்பதில்லை, களைப்பதற்கு முன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே இடையிடையே நடப்பது. நல்ல தெம்பாக இருக்கும்போது, எல்லோரும் முந்திக்கொண்டு போகையில், நடைக்கு இறங்க மனம் ஒப்பாது. மணிக்கட்டில் தட்டு விழுந்தால் இறங்கிவிடுகிறோம். கடைசி பத்துக் கிலோமீட்டரில், கணக்குப் போடும் மூளை கழன்றுபோன நிலையில், அந்தத் தட்டு ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. மதிப்பெண், அம்பு, அறிவுரை எதுவும் இல்லை. இப்படியே எப்போதும் இருக்கக் கூடாதா?

இரண்டாவது மகிழ்ச்சி பொத்தான்கள். வியர்த்த விரலில் தொடுதிரை வேலை செய்யாது. இதன் ஐந்து பொத்தான்களும், அந்தப் பழுதுக்குப் பிறகு, ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. போட்டியன்று இவற்றின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். காரணம் தூரக் கணக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல் மாரத்தானில் பலரும் முடிவுக்கோட்டில் நின்று சண்டை போடுவது இதற்காகத்தான்.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தூரம், 1921இல் நிரந்தரமாக்கப்பட்டது. முறையாக அளக்கப்பட்ட போட்டிப் பாதையை ஜிபிஎஸ் வைத்து அளப்பதில்லை. அளவு திருத்தப்பட்ட சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறு கருவியைப் பொருத்தி, சக்கரச் சுழற்சிகளை எண்ணி அளக்கிறார்கள். வளைவுகளில் சாலையோரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சாத்தியமான மிகக் குறுகிய கோட்டில் சைக்கிள் போகும். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, முன்னால் போகிறவரைச் சுற்றி ஓடும் நம்மால் அந்தக் கோட்டில் ஓட முடியாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அலை உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும்போது கடிகாரமும் தன் பங்குக்குச் சில மீட்டர்களைச் சேர்க்கும். செயற்கைக்கோள் அலையை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் கடிகாரம் என்பதால் இதில் அந்தப் பிழை குறைவு. இல்லாமல் இல்லை.

ஆக, முடிவுக்கோட்டில் கடிகாரம் 42.7 என்று காட்டினால் வியக்க வேண்டாம். பாதை தவறாக அளக்கப்பட்டது என்று அமைப்பாளர்களிடம் போய்க் கத்தவும் வேண்டாம். ஆனால் விளைவு சிறியதல்ல. நான்கரை மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி வேண்டும். கடிகாரத்தின் கிலோமீட்டரை நம்பி அதே வேகத்தைக் காட்டிக்கொண்டே ஓடினால், கூடுதல் அரைக் கிலோமீட்டர் மூன்று நிமிடத்துக்கு மேல் தின்றுவிடும். கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் நேரத்தைக் கடிகாரம் தானாகப் பிரித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் பிரிப்புப் பொத்தானை நாமே அழுத்த வேண்டும். அழுத்தினால் இந்தக் கடிகாரம் மிக நேர்மையானது. இந்தக் கணம் என்ன வேகம் என்று காட்டும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்; மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தால் அது ஒலிம்பிக் வீரர் ஆக்கிவிடும், வெளியே வந்ததும் நிற்கிறீர்கள் என்று சொல்லும்.

முடிக்கும் நேரத்தைக் கணிக்கும் பக்கமும் உண்டு. அது எனக்குச் சொன்ன நேரத்துக்கும் நான் ஓடிய நேரத்துக்கும் நடுவே ஒருவர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆக்சிஜன் கணக்கை வைத்து அது நேரம் சொல்கிறது. முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு கிளைகோஜன் தீர்ந்தவருக்குக் கால் எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. பீட்டர் ரீகல் என்ற பொறியாளரின் பழைய சூத்திரம் இதைவிட எளிமையானது: தூரம் இரட்டிப்பானால் நேரம் 2.085 மடங்காகும். இரண்டு மணி நேரத்தில் அரை மாரத்தான் ஓடுகிறவருக்கு அது நான்கு மணி பத்து நிமிடம் தருகிறது. வாரத் தூரம் குறைவாக உள்ள முதல்முறைக்காரருக்கு அதுவும் தாராளக் கணிப்புத்தான். ஆனால் அந்தச் சூத்திரம் உங்கள் மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு தினமும் திருத்தப்பட்ட தீர்ப்பை வாசிப்பதில்லை.

இத்தனையும் எழுதியபின் கூட்டிப் பார்த்தால் நல்லவைதான் அதிகம் என்று எனக்கே தெரிகிறது. பேட்டரி, பொத்தான், அதிர்வு, பதிவுகளின் ஒழுங்கு, எல்லாம் நன்று. பழைய ஓட்டங்களைப் புரட்டிப் பார்க்கும் சுகமும் தனி. இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்க வேண்டாம். முதல் மாரத்தானுக்கு வேண்டியவை இடைவெளி மணியும் பிரிப்புப் பொத்தானும். எளிய ஓட்டக் கடிகாரங்கள் பலவற்றில் இரண்டும் இருக்கின்றன. விலை இறங்கியதற்காக ஒரு வாயாடியை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியதில்லை. இதையே சென்ற வாரம், நல்ல ஓட்டம் ஒன்று முடிந்த கையோடு கேட்டிருந்தால் உடனே வாங்குங்கள் என்றிருப்பேனோ என்னவோ.

கேட்காமல் வாங்கியே தீருவேன் என்றால், கட்டிய அன்றே பயிற்சி நிலை, நேரக் கணிப்பு இரண்டு பக்கங்களையும் நீக்கிவிடுங்கள். ஓட்டம் முடிந்ததும் வரும் அறிவிப்பை அணைக்கும் வழி அமைப்புகளில் நான்கு அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். மென்பொருள் புதுப்பிக்கும்போதெல்லாம் அது தானாக மறுபடி உயிர்பெறும், மறுபடி அணைக்க வேண்டும்.

பதிலைக் கேட்டுவிட்டு நண்பர், “அப்படியென்றால் உங்களுக்கு அது தேவையில்லையே, எனக்குக் கொடுத்துவிடுங்களேன்” என்றார். கொடுக்க முடியாது. அடுத்த மாதம் எனக்கு அரை மாரத்தான் இருக்கிறது.